புகழ்பெற்ற ஓவியர்களை முன்மாதிரியாகக் கொண்ட தொடக்கப்பள்ளி ஓவியப் பயிற்சிகள்

புகழ்பெற்ற ஓவியர்களை முன்மாதிரியாகக் கொண்ட ஓவியப் பயிற்சி என்பது, தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஓர் ஓவியரின் படைப்பைப் பார்த்து, அவர் கையாண்ட கோடு, நிறம், வடிவம், ஊடகம், செய்முறை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தாமும் கையாண்டு புதிய படம் ஒன்றை ஆக்கும் வகுப்பறைச் செயல்பாடு ஆகும். பெரும்பாலும் ஆறு முதல் பத்து அகவை வரையிலான குழந்தைகளுக்கு இது நடத்தப்படுகிறது. வான் கோ, மத்தீசு, மோண்ட்ரியான், கண்டின்ஸ்கி, சேரா, கிளே ஆகியோரின் படைப்புகள் உலகெங்கும் இதற்கு மிகுதியாக எடுத்தாளப்படுகின்றன. இந்தியாவில் ஜாமினி ராய், நந்தலால் போசு ஆகியோரின் படைப்புகளும் வார்லி, மதுபனி போன்ற மரபு ஓவியங்களும் பயன்படுகின்றன.

இப்பயிற்சியை இருவகையாகப் பிரித்துக் காண்பது பயனுடையது. முதல் வகையில், முடிந்துபோன ஓர் ஓவியத்தின் தோற்றத்தை மாணவர் மீண்டும் வரைகிறார். இரண்டாம் வகையில், அவ்வோவியர் தமக்கு இட்டுக்கொண்ட விதியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு படத்தை வரைகிறார். இரண்டும் ஒரே பெயரில் வழங்கினாலும் குழந்தை பெறுவது ஒன்றன்று. வகுப்பின் முடிவில் சுவரில் ஒட்டப்பட்ட முப்பது தாள்களும் ஒன்றுபோல் இருந்தால் நடந்தது முதல் வகை என்று கொள்ளலாம்.

வரலாறு

ஐரோப்பிய ஓவியக் கல்வியில் நகலெடுத்தல் நெடுங்காலம் அடிப்படைப் பாடமாக இருந்தது. அச்சிட்ட மாதிரிப் படங்களையும் சாந்தினால் வார்த்த சிலைகளையும் பார்த்து வரைவதே 19-ஆம் நூற்றாண்டின் பள்ளிகளில் ஓவியப் பாடம் எனப்பட்டது. 1850-இல் அலெக்சாண்டர் அண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி வழியாகத் தமிழகத்திலும் இம்முறை வேரூன்றியது. கிண்ணம், குவளை, இலை என்று மாதிரி பார்த்து வரையும் வழக்கம் நம் பள்ளிகளின் ஓவிய வகுப்புகளில் இன்றும் மறையவில்லை.

இதற்கு எதிர்ப்பு வியன்னாவிலிருந்து எழுந்தது. பிரான்சு சிசெக் (1865–1946) என்பவர் 1897-இல் அங்கு சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். குழந்தையின் ஓவியம் பெரியவர்களின் ஓவியத்தை எட்ட முயன்று தவறிப்போனது அன்று, தனக்கென விதிகளை உடைய தனிக் கலை என்பது அவர் கொள்கை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஆஸ்திரியரான விக்டர் லோவன்பெல்டு 1947-இல் வெளியிட்ட நூலில், வண்ணம் தீட்டும் புத்தகங்கள் குழந்தையின் தன்னம்பிக்கையைக் குலைப்பவை என்று வாதிட்டார். இவர்களின் செல்வாக்கால், ஓவிய வகுப்பில் பெரிய ஓவியர்களின் படங்களைக் காட்டுவதே தவறு என்னும் எண்ணம் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நாடுகளில் நிலவியது.

ஊசல் மறுபுறம் திரும்பியது 1980-களில். படம் வரைவதோடு கலை வரலாறு, திறனாய்வு, அழகியல் ஆகியவற்றையும் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்னும் கருத்து அமெரிக்காவில் கெட்டி அறக்கட்டளையின் ஆதரவுடன் பரவியது. இங்கிலாந்தில் 1992-இல் நடைமுறைக்கு வந்த தேசிய ஓவியப் பாடத்திட்டம் ஓவியர்களின் படைப்புகளை அறிவதையும் பாடத்தின் பகுதியாக்கியது. பிரான்சு 2008-இல் 'கலைகளின் வரலாறு' என்பதைத் தொடக்கப்பள்ளி வகுப்புகளிலும் சேர்த்தது. ஓவியரின் பெயரைத் தாங்கிய வகுப்பறைப் பயிற்சிகள் இன்று இவ்வளவு பெருகியிருப்பதற்கு இம்மாற்றங்களே முதன்மைக் காரணம்.

இந்தியாவில் இதன் கதை சற்று வேறானது. இங்கு பெரிய ஓவியர்களே குழந்தைகளை நாடி வந்தனர். இரவீந்திரநாத் தாகூர் எழுதி 1930-இல் வெளியான வங்காள மொழி அரிச்சுவடியான 'சகஜ பாட்'டுக்குப் படங்கள் வரைந்தவர், சாந்திநிகேதன் கலாபவனத்தின் தலைவராக இருந்த நந்தலால் போசு (1882–1966). கறுப்பு வெள்ளையில் அமைந்த அப்படங்களைக் கண்டே வங்காளக் குழந்தைகள் பல தலைமுறைகளாக எழுத்தறிந்தனர். கலாபவனத்தில் பயின்ற தேவி பிரசாத் (1921–2011) சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளியில் 1944 முதல் ஓவியம் கற்பித்தார். கல்விக்கு அடிப்படையே கலைதான் என்பதை அவ்வனுபவத்திலிருந்து நூலாகவும் எழுதினார். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வியைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது.

மிகுதியாகப் பயன்படும் படைப்புகள்

கண்டின்ஸ்கியின் வட்டங்கள்

உலகப் பள்ளிகளில் மிகுதியாகப் படியெடுக்கப்படும் ஓவியங்களுள் ஒன்று, உருசிய ஓவியர் வசீலி கண்டின்ஸ்கி (1866–1944) 1913-இல் தீட்டிய பொதுமைய வட்டங்கள் ஆகும். பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றனுள் ஒன்றாக வண்ண வட்டங்கள். இது ஏறக்குறைய 24 செ.மீ. உயரமும் 32 செ.மீ. அகலமும் கொண்ட சிறு தாள். மியூனிக் நகரின் லென்பாக்கவுசு அருங்காட்சியகத்தில் உள்ளது. கண்டின்ஸ்கி இதை முழு ஓவியமாகத் தீட்டவில்லை. எந்நிறத்தின் அருகில் எந்நிறம் எவ்வாறு தோன்றுகிறது என்று பார்ப்பதற்காகச் செய்த ஆய்வுத்தாள் இது.

இவ்வொரு செய்தியைச் சொல்லிவிட்டால் வகுப்பின் போக்கே மாறிவிடும். அழகான வட்டம் வரைவது குழந்தையின் வேலை என்பது போய், சிவப்பைச் சுற்றிப் பச்சை வைத்தால் என்ன ஆகிறது, அதே சிவப்பைச் சுற்றி ஆரஞ்சு வைத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது வேலையாகிறது. நடைமுறைக் குறிப்பு ஒன்று: தாளை மூன்றாக மடிப்பது ஏழு அகவைக் குழந்தைக்கு எளிதன்று, இருமுறை நெடுக்காகவும் இருமுறை குறுக்காகவும் பாதியாக மடித்துப் பதினாறு கட்டங்கள் பெறுவதே எளிது. கண்டின்ஸ்கியின் எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

மத்தீசின் கத்தரிக்கோல்

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீசு (1869–1954) 1941-இல் புற்றுநோய்க்காகக் கடினமான அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அதன்பின் நெடுநேரம் நின்று தீட்ட இயலாமல் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்து பணியாற்றினார். உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசித் தர, அவற்றைக் கத்தரித்து ஒட்டி ஓவியம் ஆக்கினார். 1947-இல் வெளியான 'ஜாஸ்' என்னும் நூலும், 1953-இல் செய்த 'நத்தை'யும் இவ்வகையின. இலண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள 'நத்தை' ஏறக்குறைய 2.9 மீட்டர் பக்க அளவுள்ள சதுரம். வண்ணத்துண்டுகள் சுருள் போல அடுக்கப்பட்டிருக்கும். தலைப்பை அறியாதவர் நத்தையைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும்.

பென்சிலால் முதலில் கோடு போடாமல் நேரே கத்தரிப்பதே இதில் மத்தீசின் விதி. 'எனக்கு வரைய வராது' என்று சொல்லும் குழந்தைகளுக்கு இது பெரிய விடுதலை. கடையில் விற்கும் கிளேஸ் பேப்பரைக் காட்டிலும், முதல் நாள் மாணவரே சார்ட் தாளில் வண்ணம் பூசி உலரவைத்து மறுநாள் கத்தரிப்பது நல்லது. தூரிகைத் தடம் தெரியும் தாளுக்கும் ஒரே சீரான அச்சு வண்ணத் தாளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையே உணர்ந்துகொள்ளும்.

சேராவின் புள்ளிகள்

ஜார்ஜ் சேரா 1884 முதல் 1886 வரை தீட்டிய கிராந்து சாத்துத் தீவின் ஞாயிறு பிற்பகல் ஓவியம் சிகாகோ கலைக்கழகத்தில் உள்ளது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் உடைய இவ்வோவியம் நுண்ணிய வண்ணப்புள்ளிகளாலும் சிறு தீற்றல்களாலும் அமைந்தது. வகுப்பில் தூரிகைக்கு மாற்றாகப் பஞ்சுக்குச்சியோ பென்சிலின் அழிப்பான் முனையோ புள்ளி வைக்க உதவும்.

இங்கு ஒரு பிழை அடிக்கடி நிகழ்கிறது. நீலப் புள்ளிகளையும் மஞ்சள் புள்ளிகளையும் அருகருகே வைத்தால் தொலைவிலிருந்து பச்சையாகத் தெரியும் என்று பல பயிற்சிக் குறிப்புகள் கூறுகின்றன. செய்து பார்த்தால் பெரும்பாலும் சாம்பல் சாயலே கிடைக்கும். காரணம் எளியது. இரு சாயங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்க, எஞ்சுவது பச்சை. தனித்தனிப் புள்ளிகளாக நிற்கும்போதோ அவற்றிலிருந்து வரும் ஒளிகள் கண்ணில் சேர்கின்றன. நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் ஒன்றையொன்று ஈடுசெய்து நிறமற்றதை நோக்கிப் போகின்றன. செய்தித்தாளின் வண்ணப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பச்சை இலைமீது நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருப்பதைக் காணலாம். ஓவிய வகுப்பு அறிவியல் வகுப்பாகவும் மாறும் இடம் இது. மாணவர் எதிர்பார்த்த பச்சை வராமல் போனதைத் தோல்வியாகக் கருதத் தேவையில்லை.

மோண்ட்ரியான், வான் கோ, பிறர்

பியட் மோண்ட்ரியானின் (1872–1944) கறுப்புக் கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களும் அளவுகோலும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் அரைமணியில் முடிந்துவிடுவதால் ஆசிரியர்களுக்கு மிக உவப்பானவை. ஆனால் கட்டங்களை மட்டும் வரைவதில் குழந்தை கற்பது குறைவு. 1908-க்கும் 1912-க்கும் இடையில் அவர் தீட்டிய மரங்களை வரிசையாகக் காட்டுவது நல்ல வழி. சிவந்த மரம் ஒன்று, அடுத்து 1911-இன் சாம்பல் நிற மரம், பின்னர் கிளைகள் வெறும் வளைகோடுகளாக மாறுதல் என அப்படங்கள் செல்லும். பள்ளி வாயிலில் நிற்கும் வேம்பை மாணவர் நான்கு தாள்களில் படிப்படியாகக் குறைத்து வரைந்தால், கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பது சொல்லாமலே விளங்கும்.

வான் கோவின் 'விண்மீன் இரவு' (1889) மெழுகு வண்ணக்கோலும் நீர்வண்ணமும் சேர்ந்த பயிற்சிக்கு ஏற்றது. மெழுகு நீரை ஏற்காது. மேலே பூசிய நீல நீர்வண்ணம் மெழுகுச் சுழிகளை விட்டு விலகி இடைவெளிகளில் மட்டும் தங்கும். பால் கிளே (1879–1940) கோட்டைப் புள்ளியின் நடையாகக் கருதியவர். தம் படைப்புகளின் பட்டியலைத் தாமே தொகுத்தபோது தம் குழந்தைப் பருவப் படங்கள் சிலவற்றையும் அதில் சேர்த்தார் என்பது வகுப்பில் சொல்லத்தக்க செய்தி. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான ஆர்சிம்போல்டோ காய்கனிகளால் முகங்களைத் தீட்டினார். கத்தரிக்காய் மூக்கும் பாகற்காய்ப் புருவமும் கொண்ட முகங்களைச் செய்யச் சொன்னால் வகுப்பறையில் சிரிப்புக்குக் குறைவிராது.

இந்திய ஓவியர்கள்

ஜாமினி ராய் (1887–1972) கொல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் மேலைநாட்டு முறையில் பயின்று, உருவப்படம் வரைவதில் பெயர் பெற்றபின் அம்முறையைக் கைவிட்டவர். காளிகாட் படங்களையும் வங்காள நாட்டுப்புற ஓவியங்களையும் பின்பற்றித் தடித்த புறக்கோடு, பாதாம் வடிவக் கண், தட்டையான நிறம் என்னும் நடையை வகுத்துக்கொண்டார். மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் கிடைக்கும் வண்ணங்களையே பெரிதும் கையாண்டார். செங்கல்தூள், மஞ்சள், அடுப்புக்கரி ஆகியவற்றைக் குழைத்து வண்ணம் செய்வது இதனோடு இணையும் நல்ல பயிற்சி, செலவும் இல்லை.

வார்லி ஓவியம் மகாராட்டிரத்தில் திருமணக் காலத்தில் பெண்கள் மண்சுவரில் அரிசி மாவால் வரைவது. அதைத் தாளுக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்தவர் ஜீவ்யா சோமா மாசே (1934–2018). முக்கோணம் இரண்டைக் கூர்முனைகள் தொடுமாறு வைத்தால் உடல் வந்துவிடும் என்பதால் பாடநூல்களில் இது பெருகிவிட்டது. ஆனால் அம்மக்களின் திருமணத்தையும் அறுவடையையும் பற்றி ஒரு சொல்லும் இன்றி முக்கோண மனிதர்களை மட்டும் வரையச் செய்வது அக்கலைக்கு நீதி ஆகாது.

தமிழகத்தில் இதற்குப் பயன்படுத்தத்தக்க ஓவியர்கள் பலர் இருந்தும் பள்ளிகள் அவர்களை நாடுவது குறைவு. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) தம் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் படத்தின் உறுப்புகளாக்கினார். கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தையே ஓவியமாகப் பார்க்கலாம் என்பது நான்காம் வகுப்பு மாணவருக்குப் பெருவியப்பாக இருக்கும். கே. எம். ஆதிமூலம் (1938–2008) காந்தியடிகளைக் கறுப்புக் கோடுகளால் வரைந்த வரிசைக்காக அறியப்படுபவர். புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்து 2021-இல் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் வரைந்தவரும் இவரே.

புதுச்சேரி

பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக இருந்த புதுச்சேரி நகரில் இப்பொருளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இங்கு ஒரு கல்வி நிலையத்தை நிறுவியவரே பாரிசில் பயின்ற ஓவியர் ஆவார்.

'அன்னை' என்று அறியப்படும் மிர்ரா அல்பாசா (1878–1973) பாரிசில் பிறந்தவர். 1890-களில் அங்குள்ள ஜூலியன் கழகத்தில் ஓவியம் பயின்றார். 1897-இல் ஆன்றி மொரிசே என்னும் ஓவியரை மணந்தார். 1903 முதல் 1905 வரை பாரிசின் தேசிய நுண்கலைச் சங்கக் கண்காட்சிகளில் இவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. மொரிசே, குஸ்தாவ் மொரோ என்னும் ஆசிரியரின் மாணவர். மத்தீசும் அதே மொரோவின் மாணவரே. மொரோ தம் மாணவர்களை லூவர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிப் பழைய ஓவியங்களை நகலெடுக்கச் செய்தார். ஆனால் தம்மைப்போல் தீட்ட வேண்டும் என்று எவரையும் வற்புறுத்தவில்லை. நகலெடுத்தலையும் தன்னியல்பையும் பகைப்பொருள்களாகக் கருதாத ஆசிரியர் என்று கலை வரலாற்றில் அவர் மதிக்கப்படுகிறார்.

1920-இல் புதுச்சேரியில் நிலையாகத் தங்கிய மிர்ரா, 1943 திசம்பர் 2-இல் ஏறத்தாழ இருபது குழந்தைகளுடன் ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அது பல்கலைக்கழக மையமாக விரிந்து, 1959-இல் ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் எனப் பெயர் மாறியது. 'தடையிலா முன்னேற்றம்' எனப்படும் அதன் கல்விமுறையில் மாணவர் தம் விருப்பத்துக்கும் வேகத்துக்கும் ஏற்பக் கற்கிறார். கலைகள் மற்றப் பாடங்களுக்குத் துணையாக இன்றித் தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளன. புலன்களைப் பண்படுத்துதலைக் கல்வியின் ஒரு பகுதியாக எழுதிய மிர்ரா, இயற்கையிலும் மனிதர் படைப்பிலும் உள்ள அழகியவற்றைக் குழந்தைக்குக் காட்டி அவற்றை விரும்பக் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அரவிந்தரும் புதுச்சேரிக்கு வருமுன்னரே, 1909-இல், ஒரு நாட்டின் வாழ்வில் கலைக்குரிய மதிப்பைப் பற்றித் தம் 'கர்மயோகின்' இதழில் தொடர் கட்டுரை எழுதியிருந்தார்.

நகரின் மற்றொரு பழைய கல்வி நிலையம் 1826-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுப் பள்ளியாகும். மழலை வகுப்பு முதல் பள்ளி இறுதி வரை பிரான்சின் பாடத்திட்டத்தையே அது பின்பற்றுவதால், முன்னர்க் கூறிய கலைகளின் வரலாறும் அதன் தொடக்க வகுப்புகளுக்கு உரியதாகிறது. அரசுப் பள்ளிகள் படிப்படியாக நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. பிற பாடங்களைக் கலையோடு இணைத்துக் கற்பிக்கும் முறையை 2019 முதல் அவ்வாரியம் வலியுறுத்தி வருகிறது. ஆக, ஒரே நகரில் சில தெருக்கள் இடைவெளியில் மூன்று வேறு கலைக்கல்வி மரபுகள் இயங்குகின்றன.

நகரின் அமைப்பே சில ஓவியர்களை விளக்கப் பயன்படும். நேர்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் கட்ட அமைப்பு, 1693 முதல் 1699 வரை இந்நகரை ஆண்ட ஒல்லாந்தர் காலத் திட்டத்தில் தொடங்கியது என்பர். மோண்ட்ரியானும் ஒல்லாந்து நாட்டவரே. இது தற்செயல்தான் என்றாலும், நகர வரைபடத்தையும் அவர் நியூயார்க் தெருக்களை எண்ணித் தீட்டிய 'பிராட்வே பூகி ஊகி'யையும் (1942–43) அருகருகே வைத்துக் காட்டலாம். கிளேயின் வண்ணச் சதுர நகரங்களுக்கு மஞ்சள் சுவர்களும் திண்ணை வைத்த தமிழர் தெரு வீடுகளும் பொருந்தும்.

சப்பானிய ஓவியர் ஒக்குசாயின் 'பேரலை' (ஏறக்குறைய 1831) கடற்கரைக் குழந்தைகளுக்கு மிக நெருக்கமானது. அதில் மூன்று படகுகள் உள்ளன. தொலைவில் பூசி மலை அலையைவிடச் சிறியதாகத் தெரிகிறது. பூசி மலை இருந்த இடத்தில் கடற்கரைச் சாலையின் பழைய கலங்கரை விளக்கத்தை வைத்து வரையச் சொல்லலாம். எனினும் 2004 திசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில் உறவினரை இழந்த குடும்பங்கள் இங்குள்ள மீனவக் குப்பங்களில் உண்டு என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. ஒக்குசாய் வரைந்தது ஆழிப்பேரலை அன்று, காற்றால் எழுந்த பெரிய அலை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

ஓவியத்தோடு நில்லாமல் பிற கலைஞரையும் முன்மாதிரியாகக் கொள்ளலாம். நகரையடுத்த வில்லியனூரின் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் இராசசிம்ம பல்லவன் கட்டிய கோயிலில் எஞ்சியுள்ள உமையம்மை ஓவியம் ஒருநாள் பயணத்தில் மாணவர்க்குக் காட்டக்கூடியது. பாரிசில் உள்ள மூல ஓவியத்தைப் புதுச்சேரிக் குழந்தை தாளில் அச்சிட்ட சிறு படமாகவே காணமுடியும்; பனமலையில் மூலத்தின் முன்னேயே நிற்கலாம்.

நகலெடுத்தல் பற்றிய விவாதம்

இப்பயிற்சிகள் மீது கூறப்படும் முதன்மைக் குறை, அவை குழந்தையின் சொந்தப் பார்வையை அடக்கிப் பிறர் நடையைப் போர்த்துகின்றன என்பது. இங்கிலாந்தில் 1992-க்குப் பின் பள்ளிகளின் சுவர்கள் ஒரே மாதிரியான சூரியகாந்திகளால் நிறைந்தன என்று கல்வியாளர் பலர் குறைகூறினர். ஓவியரின் வாழ்க்கைக் கதை படத்தை விழுங்கிவிடுவதும் உண்டு. வான் கோவின் காது மட்டும் நினைவில் நின்று, அவர் மஞ்சளை எவ்வாறு வைத்தார் என்பது மறந்துபோகிறது.

மறுபக்க வாதமும் வலுவானது. அமெரிக்க ஆய்வாளர்களான பிரெண்ட் வில்சன், மார்ஜரி வில்சன் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில், சிறுவர்கள் எப்படியும் பிற படங்களைப் பார்த்தே வரையக் கற்கின்றனர் என்று காட்டினர். படக்கதை, தொலைக்காட்சி, பக்கத்து இருக்கைத் தோழன் ஆகியவையே அவர்களின் மாதிரிகள். சப்பானிய ஆய்வாளர்கள் ஒக்கடா, இசிபாசி ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குப் பழக்கமில்லாத நடையில் அமைந்த ஓவியத்தை நகலெடுத்தவர்கள் பின்னர்த் தாமாக வரைந்தபோது கூடுதலான புதுமை காட்டினர். அவ்வாய்வில் பங்கேற்றோர் பல்கலைக்கழக மாணவர்கள். ஆகவே அதை அப்படியே ஏழு அகவைக் குழந்தைக்குப் பொருத்துவது பிழையாகும்.

தமிழ்ச் சூழலில் இவ்விவாதத்துக்கு வாசலிலேயே ஒரு சான்று உண்டு. கோலம் முற்றிலும் பார்த்துப் பழகும் கலை. சிறுமி முதலில் தாயும் பாட்டியும் இடுவதைப் பார்க்கிறாள். கோல நோட்டில் படியெடுக்கிறாள். ஏழு புள்ளி நான்கு வரை ஊடுபுள்ளி என்று கணக்கைக் கற்கிறாள். சிக்குக் கோலத்தில் இழை எப்புள்ளியையும் தொடாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும் என்ற விதியை அறிகிறாள். அதன்பின் எந்த நோட்டிலும் இல்லாத கோலத்தை மார்கழி விடியலில் அவளே இடுகிறாள். அவள் பெற்றது விதி. அது கைக்கு வந்தபின் புதியதை ஆக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவ்விதிகள் எவ்வளவு துல்லியமானவை என்பதைக் கணிதமும் கண்டுகொண்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களை உருவாக்கும் அணி இலக்கணங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். கணினியியலின் வடிவ மொழிக் கோட்பாட்டில் கோலம் இடம்பெற்றது அவ்வாறுதான்.

எந்த ஓவியரை எடுத்துக்கொண்டாலும், அவர் தமக்கு வைத்துக்கொண்ட புள்ளிக்கணக்கு எது என்று ஆசிரியர் முதலில் கண்டறிய வேண்டியுள்ளது. மத்தீசுக்குப் பென்சில் இல்லை என்பது கணக்கு. சேராவுக்குத் தட்டில் வண்ணம் கலக்காமை. ஜாமினி ராய்க்கு நிழல் இல்லாமை. கணக்கைச் சொல்லியபின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு வரையச் சொல்லும் ஆசிரியர்களும் உளர். படம் கண்முன் இருக்கும்வரை குழந்தை அதைத்தான் வரையும் என்பது அவர்கள் அனுபவம்.

பெற்றோரின் எதிர்பார்ப்பு தனிச் சிக்கல். பள்ளி ஆண்டு விழாவில் மாட்டப்படும் படம் 'அழகாக' இருக்க வேண்டும் என்பதற்காக ஆசிரியரே புறக்கோடு வரைந்து தருவதும், வெளியே வழியும் வண்ணத்தைத் திருத்துவதும் நடப்பதுண்டு. ஒவ்வொரு தாளின் கீழும் மாணவர் தாம் எடுத்துக்கொண்டதை ஒரே வரியில் தம் கையால் எழுதி ஒட்டுவது இதைக் குறைக்கும். 'நான் கத்தரிக்கோலால் நேராக வெட்டினேன், பென்சில் வைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் பார்ப்பவர் கேள்வி மாறிவிடும்.

காப்புரிமை

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அவர் படைப்புகளுக்கு உரிமை நீடிக்கும். சேரா, வான் கோ, கிளே, கண்டின்ஸ்கி, மோண்ட்ரியான், மத்தீசு ஆகியோரின் படைப்புகள் இந்தியாவில் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஜாமினி ராயின் ஓவியங்கள் 2032 முடியவும், 1973-இல் மறைந்த பிக்காசோவின் ஓவியங்கள் 2033 முடியவும் காப்புரிமை உடையவை. வகுப்பில் கற்பிப்பதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அப்படங்களை அச்சிட்டு நூலாகவோ நாட்காட்டியாகவோ விற்பதற்கு அவ்விலக்கு பொருந்தாது. மாணவர் வரைந்த படத்தின் உரிமை மாணவருக்கே உரியது என்பதால், பள்ளி மலரிலோ வேறிடத்திலோ அதை வெளியிடுமுன் பெற்றோரின் இசைவு பெறுதல் முறை. சிகாகோ கலைக்கழகம், நியூயார்க்கின் பெருநகரக் கலை அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஆகியவை தம்மிடம் உள்ள பொதுவுடைமை ஓவியங்களின் உயர்தரப் படங்களை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிப் பயன்படுத்த இசைந்துள்ளன.